44 பவுன் டிக்கெட்

2009 டிசம்பரில் ஒருநாள் ஊருக்குப் போன் போட்டிருந்தேன். பேச்சு வாக்கில் ஆச்சியிடம், "எங்க ஊரு வழியாப் போற ரயில்ல இன்னைக்கு ராணி போயிருக்காவ ஆச்சி" என்றேன். எந்த ராணி என்று ஆச்சி கேட்கவில்லை. அவளுக்கு ராணி என்றால் ஒரே ராணிதான். "டிக்கெட் எடுத்தாளால?" என்று கேட்டாள்.

"எடுத்தாவ. 44 பவுன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது: "44 பவுனா! ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்துரலாமேல!"

எங்கள் ஊர்ப் பக்கம் பவுன் என்றால் எட்டு கிராம் தங்கம். பணம் என்று யாருக்கும் தோன்றாது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பிய சொற்கள்தான். சவரன் என்று நாம் சொல்வதே ஆங்கிலேயரின் தங்கக் காசின் பெயர். அந்தப் பெயருக்கு அர்த்தமே அரசர் என்பதுதான். ஆச்சியின் காசுமாலையில் விக்டோரியா தலை போட்ட காசுகள் இருந்தன. சின்ன வயதில் அந்த முகத்தை ஏதோ அம்மன் என்று நினைத்து நான் கும்பிட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் பேரனுக்குப் பேத்திதான் 44 பவுண்டு 40 பென்ஸுக்கு டிக்கெட் எடுத்து, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் பத்தே முக்கால் வண்டியில் ஏறினார்.

அப்போது நான் கேம்பிரிட்ஜுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ், ஈலி வழியாக கிங்ஸ் லின் போகும் ரயில் அது. சுமார் 155 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நான் அடிக்கடி போய் வந்த வண்டி. முதல் வகுப்பு என்று ஒன்று அதில் உண்டு. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கொஞ்சம் இடத்தைத் தடுத்து வைத்திருப்பார்கள். நம் ஊர் ஏசி முதல் வகுப்பை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யக் கூடாது. இருக்கை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் எல்லாருக்கும் ஒன்றுதான்: ஈலி தாண்டியதும் கரிசல் மாதிரி கறுத்த மண், கோடு போட்டாற்போல் நேரான வாய்க்கால்கள், அடிவானம் வரை ஒரு மேடு கிடையாது. கோவில்பட்டிக்காரன் ஒருவனை இங்கே கொண்டுவந்து கண்கட்டை அவிழ்த்தால் ஒரு நொடி ஊர் என்றே ஏமாந்துபோவான், குளிர் உறைக்கும்வரை.

மறுநாள் பத்திரிகைகளெல்லாம் ராணியின் எளிமையைப் பற்றித்தான் எழுதின. அரச குடும்பத்துக்கென்றே தனி ரயில் இருக்கிறது, அதைக் கிளப்பினால் ஒரு பயணத்துக்கே பல பத்தாயிரம் பவுண்டு ஆகிறது, அதை விட்டுவிட்டு இவர் சாதாரண வண்டியில் போகிறார் பாருங்கள் என்று. அதற்கடுத்த பல கிறிஸ்துமஸ்களிலும் இதே படம் வந்தது: ஸ்கார்ஃப், கைப்பை, பின்னால் கோட்டு போட்ட இரண்டு மூன்று பேர். எளிமையை நான் மறுக்கவில்லை. எண்பது வயது தாண்டிய ஒருவர் டிசம்பர் குளிரில் பிளாட்பாரத்தில் நடந்து போய் வண்டி ஏறுவது சாதாரண விஷயமும் இல்லை. ஆனால் அந்தச் செய்திகளில் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் போகும் இடம் சான்ட்ரிங்ஹாம் மாளிகை. அதற்கு ஏன் கிங்ஸ் லின்னில் இறங்கிக் காரில் போக வேண்டும்? அரச குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் கிறிஸ்துமஸுக்குப் போய்வந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன்கூடவா இல்லை?

இருந்தது. மூடிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான். கிங்ஸ் லின்னிலிருந்து வடக்கே, வாஷ் என்கிற பெரிய கழிமுகத்தின் ஓரமாக, ஹன்ஸ்டன்டன் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு கிளைப் பாதை போனது. மொத்தமே பதினைந்து மைல். வடக்கு வூட்டன், வொல்ஃபர்டன், டெர்சிங்ஹாம், ஸ்னெட்டிஷம், ஹீச்சம், கடைசியில் ஹன்ஸ்டன்டன். 1862 அக்டோபர் 3ஆம் தேதி திறந்தார்கள். அதற்கு அடிபோட்டவர் ஹன்ஸ்டன்டன் ஜமீன்தார் ஹென்றி ஸ்டைல்மன் லெ ஸ்ட்ரேஞ்ச். மனிதர் கெட்டிக்காரர். ரயில் வருவதற்குப் பல வருடம் முன்பே, 1846இல், வெறும் மேட்டு நிலத்தில் ஒரு ஹோட்டலைக் கட்டிவைத்துவிட்டு ஊர் வரட்டும் என்று காத்திருந்தவர். ஊர் வந்தது, ரயிலும் வந்தது. ஆனால் ரயில் ஓடுவதைப் பார்க்க அவர் இல்லை. திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்னால், ஜூலையில், இறந்துபோனார்.

அதே 1862இல்தான் விக்டோரியாவின் மூத்த மகனுக்காக 2,20,000 பவுண்டுக்குச் சான்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டை வாங்கினார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர். அப்போது வேல்ஸ் இளவரசர். வாங்கிய இடத்திலிருந்து இரண்டு மூன்று மைலில் புத்தம் புதிய ஸ்டேஷன் வொல்ஃபர்டன். லெ ஸ்ட்ரேஞ்ச் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார். குளிக்க வருகிறவர்களை நம்பி ஒரு பாதை போட்டால், பாதி வழியில் பட்டத்து இளவரசரே குடிவந்துவிட்டார். அடுத்த வருடம் மார்ச்சில் டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ராவைக் கல்யாணம் செய்து, புதுப்பெண்ணை அந்த ஸ்டேஷனில்தான் கொண்டுவந்து இறக்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன். சுற்றி வளைக்கவில்லை, ஆள் ஒருவரேதான். இதே எட்வர்ட் 1875 டிசம்பரில் இந்தியச் சுற்றுப்பயணத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்திறங்கினார். அங்கிருந்து மதுரைக்கு ரயில். பொதுமக்களுக்கு அந்தத் தடத்தை அப்போதுதான் திறந்துவிடும் தறுவாயில் இருந்தார்கள். பெயின்ட் காயாத பாதை. வழியில் மணியாச்சியில் வண்டி நின்றது. நெல்லைச் சீமைக் கிறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து வரவேற்றார்கள். முன்னால் நின்றவர்களில் நம் கால்டுவெல்லும் ஒருவர். மணியாச்சி சந்திப்பிலிருந்து தூத்துக்குடி வரை கடலைப் பார்த்து ஓடும் அந்தத் துண்டுப் பாதையில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சான்ட்ரிங்ஹாம் இருக்கும் நோர்ஃபோக் கடலோரத்தில் தன் வீட்டு ஸ்டேஷன் வைத்திருந்த ஆள் அதே வழியாகப் போயிருக்கிறார் என்பது எனக்கு கேம்பிரிட்ஜ் வந்த பிறகுதான் தெரியும்.

மணியாச்சி என்றதும் உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். 1911 ஜூன் 17. இணைப்பு வண்டிக்காக முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. லண்டனில் அந்த ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா ஐந்து நாள் கழித்து, ஜூன் 22. அந்த ஜார்ஜ்தான் எட்வர்டின் மகன். சான்ட்ரிங்ஹாமில் வளர்ந்து அங்கேயே செத்தவர். முதல் வகுப்புப் பெட்டி, நிற்கும் வண்டி, ஜன்னலோரம் அதிகாரம். ராணி சாதாரண ரயிலில் போகிறார் என்று படித்ததும் என் மனசு நேரே அங்கே போனது. இங்கே இருக்கும் நண்பர்களுக்கு அது தோன்றாது. மணியாச்சியில் வண்டி மாறி வளர்ந்தவனுக்குத் தோன்றத்தான் செய்யும்.

சரி, வொல்ஃபர்டனுக்கு வருவோம்.

எட்வர்டுக்கு விருந்தினர் கூட்டம் இல்லாமல் பொழுது போகாது. வேட்டைக்கு, விருந்துக்கு என்று வந்துகொண்டே இருப்பார்கள். ஜெர்மனியின் கைசர் உட்பட. எல்லாரும் இந்தக் குட்டி ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும். 1898இல் பாதையை வொல்ஃபர்டன் வரைக்கும் இரட்டையாக்கி, பிளாட்பாரத்தில் அரச குடும்பத்துக்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். நடுவில் ஒரு கூடம், ஒரு பக்கம் ராஜாவுக்கு அறை, இன்னொரு பக்கம் ராணிக்கு அறை. வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் நடுவே ஐந்து நிமிடம் உட்கார்ந்து கைகால் கழுவிக்கொள்ள இத்தனை ஏற்பாடு.

ராஜ ரயில் வருகிற நாளில் கிளைப் பாதையின் கதியே வேறு. முன்னால் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெற்று எஞ்சின் ஓடும். தண்டவாளம் நெடுகக் காவலுக்கு ஆள். மற்ற வண்டிகள் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். ஹன்ஸ்டன்டனுக்குப் பிள்ளைகுட்டிகளோடு வாளியும் மண்வெட்டியுமாகக் கிளம்பிய குடும்பம் நடுவழியில் காத்துக்கிடந்திருக்கும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வேட்டையாடப் பகல் வெளிச்சம் போதவில்லை என்று எட்வர்ட் தன் எஸ்டேட் கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னால் திருப்பி வைத்திருந்தார். சான்ட்ரிங்ஹாம் நேரம் என்றே அதற்குப் பெயர். நாடு முழுவதும் ரயிலை வைத்துத்தான் ஒரே நேரத்துக்கு வந்தது. ரயில் கொண்டுவந்து இறக்கிய ராஜாவின் வீட்டில் மட்டும் தனி நேரம். அவர் பேரன் எட்டாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் அதிக நாள் பட்டத்தில் இல்லை என்பது வேறு கதை.

அந்தப் பாதையில் விருந்தாளிகள் மட்டும் போகவில்லை. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் சான்ட்ரிங்ஹாமில் இறந்தபோது சவப்பெட்டி வொல்ஃபர்டனிலிருந்துதான் ரயிலேறியது. 1952 பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் அதே வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் எலிசபெத் அப்போது கென்யாவில். பதறியடித்துக்கொண்டு திரும்பி வந்தார். 11ஆம் தேதி பீரங்கி வண்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, ரயிலில் ஏற்றினார்கள். கிங்ஸ் லின் ஸ்டேஷன் முட்டுச்சந்து மாதிரி. உள்ளே போன வண்டி அதே பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். எனவே அங்கே எஞ்சினை மாற்றி மறுமுனையில் கோத்தார்கள். கோத்தது பிரிட்டானியா என்ற எஞ்சின். அதன் ஓட்டுநர் அறைக் கூரைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அங்கிருந்து ஈலி, கேம்பிரிட்ஜ், கிங்ஸ் கிராஸ்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த 44 பவுண்டு டிக்கெட் வேறு மாதிரித் தெரிந்தது. எலிசபெத் ராணி வருடாவருடம் கிறிஸ்துமஸுக்குச் சான்ட்ரிங்ஹாம் போனால் பிப்ரவரி 6 தாண்டித்தான் லண்டன் திரும்புவது வழக்கமாக இருந்தது. அப்பா செத்த நாள்; தான் பட்டத்துக்கு வந்த நாளும் அதுதான். அதை அந்த வீட்டில் கழித்துவிட்டுக் கிளம்புவார். திரும்பும்போதும் பல வருடம் இதே சாதாரண ரயில். கிங்ஸ் லின், ஈலி, கேம்பிரிட்ஜ், கிங்ஸ் கிராஸ். அப்பாவைக் கொண்டுபோன அதே தடத்தில், பிப்ரவரி மாதத்தில், ஜன்னலோரம். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? தடம் ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும்.

பட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை, இந்தப் பாதை இன்னொரு தடவை செய்தியில் வந்தது. 1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. வடகடலில் புயல் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் வாஷ் கழிமுகத்துக்குள் ஏறியது. ஹன்ஸ்டன்டனிலிருந்து ஏழு இருபத்தேழுக்குக் கிளம்பிய பயணிகள் வண்டி கடலோரமாக இருட்டில் போய்க்கொண்டிருந்தது. எதிரே தண்ணீர்ச் சுவர். அதன் மேல் ஒரு வீடு. பெயர்ந்து மிதந்து வந்த மரவீடு நேராக எஞ்சினில் மோதியது. வண்டி வெள்ளத்துக்கு நடுவில் பல மணி நேரம் நின்றது. பெட்டிக்குள் தண்ணீர், வெளியே கும்மிருட்டு, காற்று. தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு, கிளம்பிய ஊருக்கே பின்பக்கமாகத் திரும்பிப் போனது. ரயிலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குடிசை மாதிரியான வீடுகளில் அப்படியில்லை. ஹன்ஸ்டன்டனில் மட்டும் 31 பேர் போனார்கள். அமெரிக்க விமானப்படைக் குடும்பங்களும் அதில் உண்டு. ரைஸ் லெமிங் என்ற அமெரிக்க வீரர், நீச்சல் தெரியாதவர், ரப்பர் படகைத் தள்ளிக்கொண்டு போய் 27 பேரைக் காப்பாற்றினார். தனுஷ்கோடியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அலை, இருட்டு, பாசஞ்சர் வண்டி என்று மூன்று சொல் போதும், மீதி தானாக ஓடும்.

அப்போது ராணி சான்ட்ரிங்ஹாமில்தான் இருந்தார். வெள்ளம் பாதித்த ஊர்களைப் போய்ப் பார்த்தார். வீட்டு வாசல் கடற்கரை அது, போகாமல் இருக்க முடியாது.

பாதை அதிலிருந்து மீண்டது. தண்டவாளத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். லண்டன் லிவர்பூல் தெரு நிலையத்திலிருந்து ஹன்ஸ்டன்டனுக்கே நேரடி வண்டி இருந்த காலம் அது. ஆனால் வெள்ளத்தால் முடியாததைக் கார் செய்தது. ஆடி ஆவணியில் கூட்டம் பிதுங்கும், மார்கழியில் காக்கா உட்காராது. கடற்கரைக் கிளைப் பாதைகளுக்கெல்லாம் அந்த வியாதி. இரண்டு மாத வரும்படியில் பன்னிரண்டு மாதம் கேட்டுக் கதவையும் சிக்னலையும் ஆளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. முதலில் செலவைக் குறைத்தார்கள், இரட்டைப் பாதையை ஒற்றையாக்கினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். இப்படி ஒன்றைக் குறைக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். வொல்ஃபர்டனுக்கு ராஜ ரயில் கடைசியாக வந்தது 1966இல். 1969 மே 3 அன்று கடைசி வண்டி. 5ஆம் தேதியிலிருந்து பாதையே இல்லை.

இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று. எரிச்சல் ஊட்டும் விஷயமும் இதுவேதான். ராணி வீட்டு ஸ்டேஷன் என்பதற்காக ஒரு பாதையை அவர்கள் விட்டுவைக்கவில்லை. நம் ஊரில் ஒரு எம்.பி.யின் மாமனார் ஊர் என்றாலே எக்ஸ்பிரஸ் நின்று போகும். இங்கே மகாராணியே ஆனாலும், வரவு இத்தனை, செலவு இத்தனை, மூடு. சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மூடியதால் நொந்தது ராணி இல்லை. அவருக்குக் கார் வரும், ஹெலிகாப்டர் வரும். ஹீச்சமில் கார் இல்லாத கிழவிக்கு மட்டும் லின் ஆஸ்பத்திரிக்குப் போவது அரைநாள் வேலையாகிவிட்டது. இன்றைக்குக் கோடைச் சனிக்கிழமையில் அந்தச் சாலையில் நிற்கும் கார் வரிசையைப் பார்க்கிற எவனும் அந்தக் கணக்குச் சரிதான் என்று சொல்ல மாட்டான்.

கிங்ஸ் லின்னும் தப்பிப் பிழைத்ததுதான். ஈலிக்கு வடக்கே மின்மயமாக்கி முடித்தது 1992இல். அதனால்தான் லண்டனிலிருந்து வண்டி மாறாமல் லின் வரைக்கும் வர முடிகிறது. அதனால்தான் ராணியாலும் முடிந்தது. ஊருக்குப் பெயரே முதலில் பிஷப்பின் லின். எட்டாம் ஹென்றி 1537இல் பிஷப்பிடமிருந்து பிடுங்கி ராஜாவின் லின் ஆக்கினார். ராஜாவின் லின்னில் ராணி பாசஞ்சராக வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, இதையெல்லாம் படித்துப் படித்து அரித்துக்கொண்டே இருக்கிறதே என்று கிளம்பிப் போனேன். லின்னில் இறங்கி பஸ் பிடித்து, பெருஞ்சாலையில் வொல்ஃபர்டன் பிரிவில் இறக்கிவிடச் சொன்னேன். டிரைவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். அங்கிருந்து நடை. இரண்டு பக்கமும் ரோடோடென்ட்ரான் புதர், பைன் மரம், ஒரு பக்கம் சதுப்பு. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கார்தான் என்னைத் தாண்டிப் போனது.

ஸ்டேஷன் இப்போது தனியார் வீடு. ஆனால் நன்றாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கே உரிய இஞ்சி நிறக் கல்லில் சுவர், மேலே கறுப்பு மரச் சட்டம், ஓட்டுக் கூரை, சின்னதாக ஒரு மணிக்கூண்டு. பிளாட்பாரம் இருக்கிறது. சிக்னல் பெட்டி நிற்கிறது. தண்டவாளம் இருந்த பள்ளத்தில் புல், கத்தரித்த புல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளக்குக் கம்பங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கிரீடம். எங்கள் ஊர்க் கோயில் கலசம் அளவுகூட இல்லை. கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. அதற்குக் கீழே கண்ணாடி, அதற்குக் கீழே பச்சைக் கம்பம். விளக்கைத் துடைக்க ஏணி சாய்த்துக்கொள்வதற்கு எல்லா ரயில்வே விளக்கிலும் இருப்பதைப் போலவே குறுக்கே ஒரு கம்பி. கிரீடம் வைத்த விளக்கையும் யாரோ ஒருத்தர் ஏணி போட்டு ஏறித்தானே துடைத்தார். அந்தக் கம்பியைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் வரவில்லை. ஒரு நாய் குரைத்தது. நான் திருடன் இல்லை என்று அதற்குப் புரியவைப்பதற்குள் மணி இரண்டாகிவிட்டது.

மறுபடி நடந்து, பஸ் பிடித்து, ஹன்ஸ்டன்டன். ஸ்டேஷன் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். லெ ஸ்ட்ரேஞ்ச் கட்டிய ஹோட்டல் பெயர் மாறி இன்னும் நிற்கிறது. பாறைச் சரிவைப் பார்த்தேன், பழுப்பு, சிவப்பு, வெள்ளை என்று லேயர் கேக் மாதிரி. இங்கிலாந்தின் கிழக்குக் கரை, ஆனால் ஊர் மேற்கைப் பார்த்து இருக்கிறது; சூரியன் கடலில்தான் விழும். தூத்துக்குடியில் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யாரோ படத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. சிப்ஸ் வாங்கினேன். கடற்காகம் ஒன்று பாதியைக் கொண்டுபோய்விட்டது.

திரும்பும்போது லின்னில் வண்டி ஏறினேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா, வழியில் இருக்கும் டவுன்ஹாம் மார்க்கெட் என்ற ஊர்க்காரர். ஒரு டிசம்பரில் ராணி போன அதே வண்டியில் அவரும் இருந்திருக்கிறார். லண்டனில் பேத்திக்குச் சாமான் வாங்கிக்கொண்டு கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, பாதித் தூரம் தூங்கி, டவுன்ஹாமில் இறங்கி வீட்டுக்குப் போய் டீ போட்டுவிட்டு டிவியைத் திருப்பினால், தான் வந்த ரயிலிலிருந்து ராணி இறங்குகிறார். "வண்டியில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "லிட்டில்போர்ட் பக்கம் எதிர் வண்டிக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. அது எப்பவும் நிற்பதுதானே" என்றார்.

அங்கே பாதை இன்னும் ஒற்றைதான். லிட்டில்போர்ட் தாண்டி டவுன்ஹாம் வரைக்கும் ஒரு துண்டு, வாட்லிங்டனிலிருந்து லின் வரைக்கும் இன்னொரு துண்டு. எதிர் வண்டி கடந்தால்தான் நகரலாம். என் வண்டியும் அன்று டவுன்ஹாமில் நின்றது. கிராஸிங். விளக்கு போட்டுவிட்டார்கள், ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "ஏன் நிற்கிறது?" என்று கேட்டான். லண்டனிலிருந்து வரும் வண்டி போகட்டும் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து அது வந்தது. எட்டுப் பெட்டி, எல்லாவற்றிலும் வெளிச்சம், ஆட்கள். முதல் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் போய்விட்டது.